கிழக்கே பார்த்து நின்ற முதல் கார்

இந்தக் கம்பெனியின் முதல் காரை ஷெட்டிலிருந்து வெளியே ஓட்டிக்கொண்டு வந்தவன் நான்தான். ஒரே மூச்சில், ஒரு கீறல் இல்லாமல், வாசலில் நின்றவர்கள் எல்லாம் கை தட்டத் தட்ட.

பொய். யாரும் கை தட்டவில்லை. ஒரே மூச்சும் இல்லை. அந்தக் கார் முதன்முதலாக நகர்ந்தபோது நான் உள்ளே ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்பது மட்டும் நிஜம். சக்கரம் தரையில் இல்லை. ஆட்கள் காரைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். என்னையும் சேர்த்துத்தான்.

புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே, உங்களுக்கு நாலு நல்ல வார்த்தை சொல்லச் சொல்லி மேடம் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். நல்ல வார்த்தைக்கு என்னைக் கூப்பிடுகிறார்கள் என்றால் இந்தக் கம்பெனி எவ்வளவு சிக்கனமானது என்று பார்த்துக்கொள்ளுங்கள். ரிட்டையர் ஆன பிறகும் நான் இங்கே வருவதற்குக் காரணம் கேன்டீன் மசால்வடை. வேறு பாசம் எதுவும் இல்லை.

என் படிப்பைப் பற்றிக் கேட்பீர்கள். ஐந்தாவதை இரண்டு தடவை படித்தேன். அதனால் ஆறாவது வரை என்று சொல்லிக்கொள்வது வழக்கம். அதன் பிறகு பள்ளிக்கூடம் என்னை விட்டது, ஆட்டோ என்னைப் பிடித்தது. பஸ் ஸ்டாண்டிலிருந்து அடி அண்ணாமலை வரைக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டினேன். பௌர்ணமி கிரிவலம் வந்தால் நான் ராஜா, மற்ற நாளில் கூஜா.

அப்படி ஒரு சாதாரண நாளில் ஒரு பெண் ஏறினார். கையில் ஒரு பை, முகத்தில் ஒரு கேள்வி. ஏறியதும் கேட்டார்.

"இன்னா மைலேஜ்ணா கொடுக்குது?"

இந்த ஊரில் சாமி பேர் கேட்காதவன்கூட மைலேஜ் கேட்பான். நான் ஒரு எண் சொன்னேன். அந்த ஆட்டோவைச் செய்த கம்பெனிக்காரன் கேட்டிருந்தால் மயங்கி விழுந்திருப்பான்.

"எப்பிடிணா அவ்ளோ?"

"ஏத்தத்துல முறுக்க மாட்டேம்மா. எறக்கத்துல ஆஃப் பண்ணிடுவேன். பொண்டாட்டி போன் பண்ணா மட்டும் முறுக்குவேன்."

அவர் சிரித்தார். இறங்கும்போது, வேங்கிக்கால் தாண்டி வேர்க்கடலை மூட்டை அடுக்கும் ஒரு பழைய மல்லாட்டை குடோனைச் சொல்லி, நாளைக்கு வந்து பாருங்கள் என்றார். அவர்தான் மேடம். கீழ்பென்னாத்தூர் பக்கம் மல்லாட்டை போடும் வீட்டுப் பெண். பெரிய கார் கம்பெனியில் இன்ஜினியராக இருந்துவிட்டு, வேலையை விட்டு ஊருக்கு வந்து, கொஞ்சமாகக் குடிக்கிற ஒரு சின்ன கார் செய்யப் போகிறேன் என்று ஷெட் போட்டிருந்தார். முன்னால் இரண்டு பேர் உட்காரலாம். பின்னால் இரண்டு மூட்டை வைக்கலாம், அல்லது பிள்ளைகளைத் திணிக்கலாம். பெட்ரோல் கம்மியாக வேண்டும் என்றால் வண்டி எடை கம்மியாக இருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு.

அதை அவர் முதல் நாள் எங்களுக்கு விளக்கியபோது, வயரிங் பக்கம் இருந்த ஜோதி கையைத் தூக்கினாள்.

"கம்மியா குடிக்கும், ஒழுங்கா வீட்டுக்கு வந்து சேரும். இத ஒரு பத்து வருசம் முன்னாடி செஞ்சிருந்தீங்கன்னா நான் அதையே கட்டிக்கினு இருப்பேனே மேடம்."

எனக்குக் கொடுத்த வேலைக்குப் பெயர் டெஸ்ட் டிரைவர். பெயர் பெரிசு. ஆனால் டெஸ்ட் பண்ண வண்டி கிடையாது. இன்ஜின் ஒரு மூலையில் ஸ்டாண்டு மேலே தனியாகக் கத்திக்கொண்டிருக்கும், சக்கரம் வேறு மூலையில் அடுக்கியிருக்கும், நடுவில் நான். டீயை டெஸ்ட் பண்ணினேன். நாற்காலியை டெஸ்ட் பண்ணினேன். ஒரு நாற்காலி ஃபெயில் ஆனது.

இந்த நேரத்தில்தான் வெல்டர் வந்தான். ஷெட்டில் வெல்டிங் வேலைக்கு நிறைய பேர் இருந்தார்கள். ஆனால் வெல்டர் என்று கூப்பிட்டால் அவன் ஒருவன்தான் திரும்புவான். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு பெரிய தொழிற்சாலையில் கான்ட்ராக்டில் இருந்தவன். அங்கே ஒரு ரூமில் நிறைய ஆட்களோடு படுத்துக்கொண்டு, மாதத்துக்கு ஒரு தடவை பஸ் பிடித்து ஊருக்கு வருவான். அவன் பெண் குழந்தை அவனை 'பஸ் அப்பா' என்று கூப்பிடுமாம். வீட்டில் வேறு அப்பா இருக்கிறாரா என்று நான் கேட்டு, அவன் கையில் இருந்த சுத்தியலைப் பார்த்துவிட்டுக் கேள்வியைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். எங்கள் ஷெட்டில் சம்பளம் ஜாஸ்தி இல்லை. ஆனால் சாயந்திரம் வீட்டில் சோறு. அதற்காகவே வந்தான்.

சாமி பக்தி அவனுக்குக் கொஞ்சம் அதிகம். மெஷினைத் தொடும் முன் கும்பிடுவான். பிளக்கைச் சொருகும் முன் கும்பிடுவான். கரண்ட் போனால் மலையைப் பார்த்துக் கும்பிடுவான், மின்சார ஆபீசைப் பார்த்துத் திட்டுவான்.

கார் சட்டத்தை வைத்துக் கட்டுவதற்கு ஓர் இரும்பு மேடை போட்டோம். அன்றைக்கு ஷெட்டில் இருந்த எல்லாரும் ஒருமனதாக எடுத்த முடிவு அது ஒன்றுதான்: முதல் வண்டி, நல்லபடியாகக் கிழக்கே பார்த்து இருக்கட்டும். வெல்டர் சொன்னான், ஜோதி சொன்னாள், நான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சொன்னேன். வேலை இல்லாதவன் வாய்க்குத்தானே சத்தம் அதிகம். மேடம் வேறு ஏதோ வரைபடத்தில் மூழ்கியிருந்தார். "எங்க வேணா வைங்க, லெவலா இருக்கணும்" என்று மட்டும் சொன்னார்.

லெவலாக வைத்தோம். கிழக்கே பார்த்து வைத்தோம். குடோனுக்குக் கதவு மேற்கே இருக்கிறது என்பதை யாரும் யோசிக்கவில்லை.

மாதக்கணக்கில் அந்தச் சட்டம் சுவரைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தது. பாடி வந்தது, இன்ஜின் ஏறியது, சீட் ஏறியது. அப்போதும் யாருக்கும் தோன்றவில்லை. தினமும் பார்க்கிற பொருளைத்தான் நாம் பார்ப்பதே இல்லை. என் மனைவியும் என்னைப் பற்றி இதையேதான் சொல்வாள், வேறு அர்த்தத்தில்.

கார் முடியும் நேரத்தில் ஒரு காலை மேடம் எல்லாரையும் கூப்பிட்டார். மறைக்கத் தெரியாத மனுஷி. நேராகச் சொன்னார்.

"நாளைக்கு பணம் போடறவங்க கம்பெனியில இருந்து பெரியவர் ஒருத்தர் வர்றாரு. வண்டிய பாப்பாரு, ஏறி ஒரு ரவுண்டு போய்ப் பாப்பாரு. அவருக்கு வேற ஒரு யோசனை இருக்குது. பாடிய வெளியில ரெடிமேடா வாங்கி லாரியில கொண்டாந்து, இங்க போல்ட் மட்டும் மாட்டிக்கலாம்னு சொல்றாரு. நான் வேணாம்னு சொல்லிகினு இருக்கேன். நாளைக்கு நம்ம வெல்டிங் நல்லா இருக்குன்னு அவருக்குப் பட்டா, பாடி இங்கயே. இல்லன்னா வெல்டிங் பக்கம் இருக்கறவங்கள நான் வச்சிக்க முடியாது."

வெல்டர், "பழைய ரூம் இன்னும் காலியாதான் இருக்குதாம்" என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். யாரும் கூடச் சிரிக்கவில்லை.

அன்று முழுதும் அவன் காருக்கு அடியிலேயே கிடந்தான். மதியத்துக்கு மேல் கரண்ட் போனது. கரண்ட் வந்தபோது நாங்கள் பூஜைச் சாமான் வாங்கப் போய்விட்டோம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் காலையில் பூஜை. அடியிலிருந்த மேடையை உருவிவிட்டு, வண்டியை நின்ற இடத்திலேயே டயரில் நிறுத்தியிருந்தோம். மாலை போட்டாயிற்று, சந்தனம் வைத்தாயிற்று, பூசணிக்காய் சுற்றியாயிற்று. பானட்டில் கற்பூரம் ஏற்றப் போன ஒருவனை மேடம் ஓடி வந்து தடுத்தார். எடை கம்மிக்காக பானட் பிளாஸ்டிக். கற்பூரம் தட்டுக்கு மாறியது. வெல்டர் நாலு எலுமிச்சம்பழத்தை எடுத்து நாலு டயருக்கும் முன்னால் ஒவ்வொன்றாக வைத்தான். நான் புதுச் சட்டையோடு ஏறி உட்கார்ந்தேன். சாவியைப் போட்டேன். இன்ஜின் பூனை மாதிரி உறுமியது. எனக்கே கண் கலங்கியது. நிமிர்ந்து முன்னால் பார்த்தேன்.

சுவர்.

காரின் மூக்குக்கும் சுவருக்கும் நடுவில் விரல் போகும், கை போகாது.

"எட்றா வண்டிய" என்று எவனோ பின்னாலிருந்து கத்தினான்.

"எங்க எட்றது? முன்னால செவுரு இருக்குது."

"பின்னால எடு."

"பழம் முன்னால இருக்குதே" என்றான் வெல்டர்.

அந்த ஒரு வார்த்தையில் எல்லாரும் பழத்தைக் குனிந்து பார்த்தார்கள். புது வண்டி முதல் அடியைப் பின்னால் வைக்கக் கூடாது. பழத்தை நசுக்கிக்கொண்டு முன்னால்தான் போக வேண்டும். இது எங்கே எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியாது. எழுதியிருந்தாலும் நான் படித்திருக்க மாட்டேன். ஆனால் அங்கே நின்ற எல்லாருக்கும் தெரிந்திருந்தது. நான் சாவியை அணைத்தேன்.

மேடம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "ரிவர்ஸ் கியர் எதுக்கு வச்சிருக்கோம்?" என்றார்.

"ரெண்டாவது தடவையில இருந்து அதுக்குத்தான் மேடம்" என்றான் வெல்டர். கிண்டலாக இல்லை, நிஜமாகவே.

"நியூட்ரல்ல போட்டு பின்னால தள்ளலாம். தள்ளுனா ரிவர்ஸ்ல சேராது" என்றாள் ஜோதி.

"வண்டிக்குத் தெரியாதா எந்தப் பக்கம் போவுதுன்னு?" என்றான் வெல்டர்.

"வண்டிக்கு எப்பிடிடா தெரியும்?"

"சாமிக்குத் தெரியும்ல."

வாதம் இந்த ரீதியில் போனது. மேடம் அதட்டியிருந்தால் நான் ரிவர்ஸ் போட்டிருப்பேன், சம்பளம் கொடுக்கிறவர் சொன்னால் நான் மலை மேலேயே ஏற்றுவேன். ஆனால் அவர் அதட்டவில்லை. வெல்டர் முகத்தைப் பார்த்தார். அன்றைக்கு அவன் வேலையே ஊசலாடிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் வண்டி பின்னால் போனால் அவன் கைகால் ஓடாது. அது அவருக்குப் புரிந்துவிட்டது. வாட்சைப் பார்த்தார். பெரியவர் வர இன்னும் நேரம் இருந்தது.

"சரி. எடை கம்மி எடை கம்மின்னு இவ்ளோ நாளா கத்தனேனே, எதுக்கு? தூக்கித் திருப்புங்க."

எல்லாரும் பாய்ந்து வந்து பிடித்தார்கள். நான் இறங்கவில்லை.

"அண்ணா, நீ எறங்குனா பாதி வெயிட் கொறையும்."

"ஸ்டீயரிங் யார்டா புடிக்கறது?"

"காத்துல ஸ்டீயரிங் எதுக்குணா?"

"டெஸ்ட் டிரைவர்டா நான். வண்டி நகரும்போது உள்ள இருக்கணும்னு ஆர்டர்ல போட்டிருக்குது."

ஆர்டரில் அப்படி எதுவும் இல்லை. அத்தனை மாதம் காத்திருந்தவன், முதல் நகர்வை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை, அவ்வளவுதான். தூக்கினார்கள். கார் மேலே போனது. உற்சவர் மாதிரி நான் ஆடி அசைந்து திரும்பினேன். காற்றில் ஸ்டீயரிங்கை ஒடித்தேன். போதாக்குறைக்கு ஹாரன் வேறு அடித்தேன்.

அந்த நேரம் பார்த்துப் பெரியவர் உள்ளே வந்தார். நேரத்துக்கு முன்னால் வருகிற ஆட்களை நான் எப்போதும் நம்புவதில்லை. வெள்ளைச் சட்டை, வெள்ளை ஷூ. வாசலில் நின்று, ஆட்கள் தோளில் போகும் காரையும், உள்ளே உட்கார்ந்து ஹாரன் அடிக்கும் என்னையும் பார்த்தார்.

"இன்ஜின் இன்னும் வைக்கலையாம்மா?" என்றார் மேடத்திடம்.

மேடம் வாயைத் திறக்கும் முன் நான் கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டினேன்.

"வெயிட் டெஸ்ட் சார். ஆள் தூக்க முடியற வண்டிதான் மைலேஜ் கொடுக்கும்."

அவர் புருவம் உயர்ந்தது. நம்பினாரோ இல்லையோ, சிரித்தார். ஷெட்டே மூச்சு விட்டது. எனக்கு நானே மெடல் குத்திக்கொண்டேன். அந்த மெடல் குத்தி முடிப்பதற்குள், என் சீட்டுக்கு நேர் கீழே, 'டக்' என்று ஒரு சத்தம்.

இந்த இடத்தில் வடையைக் கீழே வைத்துவிட்டுக் கேளுங்கள்.

ஆட்கள் பயந்து காரை இறக்கி வைத்தார்கள். கொஞ்சம்தான் திரும்பியிருந்தது. சக்கரம் அடுக்கிய ரேக்கில் மூக்கு ஒட்டிக்கொண்டு நின்றது.

"என்ன சத்தம்?" என்றார் மேடம்.

"என் முட்டி மேடம்" என்றேன் நான்.

யோசித்துச் சொல்லவில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது. நாலு பேர் சிரித்தார்கள். பெரியவரும் சிரித்தார். "சரி, ஒரு ரவுண்டு போவோம்" என்று காரை நோக்கி வந்தார். எல்லாம் கூடி வந்துவிட்டது. அவர் ஒரு ரவுண்டு போவார், மைலேஜைப் பார்ப்பார், பாடி இங்கேயே என்று சொல்வார். வெல்டர் வீட்டில் சாயந்திரம் சோறு தின்பான். அந்தச் சத்தத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். என் ஆறாம் வகுப்பு மூளை அவ்வளவு தூரம்தான் ஓடியது.

வெல்டர் என்னைப் பார்த்தான். நான் கண்ணால், பேசாமல் இரு என்றேன். அவன் ஒரு நொடி அப்படியே நின்றான். பிறகு சட்டென்று தரையில் மல்லாந்து படுத்து, காருக்கு அடியில் போனான். அடியிலிருந்தே குரல் வந்தது.

"முட்டி இல்ல மேடம். என் வெல்டு."

"நேத்து இங்க புள்ளி வச்சிட்டு, முழுசா இழுக்கறதுக்குள்ள கரண்ட் பூட்ச்சி. அது வர்றதுக்குள்ள பூஜ சாமான் வாங்கப் போய்ட்டேன். மறந்துட்டேன் மேடம். விட்டுகினு வந்துடுச்சி."

சட்டம் சேரும் இடத்தில் முதலில் ஒரு பொட்டு வைத்து நிறுத்துவார்கள், பிறகுதான் முழுக்க வெல்டு இழுப்பார்கள். அந்த ஓர் இடம் பொட்டோடு நின்றுவிட்டது. தூக்கிய வேகத்தில் பிளந்துவிட்டது. தூக்காமல் நேராக ஓட்டிக்கொண்டு போயிருந்தால் கிரிவலப் பாதையில், பெரியவர் உட்கார்ந்திருக்கும்போது பிளந்திருக்கும். அன்றைக்கு எங்களைக் காப்பாற்றியது சாமியா, எங்கள் மடத்தனமா என்று நான் இன்னும் முடிவு பண்ணவில்லை. இரண்டுக்கும் சேர்த்தே தேங்காய் உடைத்துவிட்டேன்.

பெரியவர் சிரிப்பை நிறுத்தியிருந்தார். வெள்ளைச் சட்டையைப் பற்றிக் கவலைப்படாமல் குனிந்து, காருக்கு அடியில் எட்டிப் பார்த்தார்.

"எத்தனை இடத்துல இப்படிப் பொட்டோட விட்டிருக்க?"

இது ஒன்றுதான் சார் என்று சொல்லியிருக்கலாம். நானாக இருந்தால் அம்மா மேல் சத்தியம் பண்ணியிருப்பேன்.

"இது ஒண்ணுதான்னு நெனைக்கறேன் சார்" என்றான் வெல்டர். "ஆனா நேத்து இதுவும் முடிச்சிட்டேன்னுதான் நெனச்சிருந்தேன். எல்லாத்தையும் பாத்துட்டு சொல்றேன்."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"தெரியாது சார்."

அந்த இடத்தில் மேடம் செய்ததைத்தான் நீங்கள் நன்றாகப் பார்க்க வேண்டும். நான் அந்த இடத்தில் இருந்தால் பெரியவரைக் கேன்டீனுக்கு இழுத்துக்கொண்டு போய் நாலு ஜோக் அடித்திருப்பேன். கவனத்தைத் திருப்புவது எனக்குக் கைவந்த கலை. மேடம் மன்னிப்புக் கேட்கவில்லை. வெல்டரைத் திட்டவில்லை. சீக்கிரம் பார் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்துக் காருக்குப் பக்கத்திலேயே போட்டார்.

"உக்காருங்க சார். நேரம் ஆகும்."

தானும் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். அவ்வளவுதான்.

வெல்டர் ஒவ்வொரு மூட்டாகத் தட்டித் தடவிப் பார்த்தான். வாய் விட்டு, 'சரி' 'சரி' என்று சொல்லிக்கொண்டே போனான். ஒவ்வொரு 'சரி'க்கும் ஜோதி கையில் இருந்த துணியை முறுக்கினாள். பெரியவர் ஒரு தடவை போனைப் பார்த்தார், திரும்பப் பையில் போட்டுக்கொண்டார். டீ வந்து ஆறியது. யாரும் குடிக்கவில்லை. நான் குடித்தேன். எனக்குப் பதற்றத்தில் தாகம் எடுக்கும்.

ஒரு சுற்று முடித்து, உடைந்த இடத்துக்கு வந்தான். மெஷினைத் தொடும் முன் வழக்கமாகக் கும்பிடுவான் என்று சொன்னேன் இல்லையா, அன்று கும்பிட மறந்துவிட்டான். நேராக முகமூடியைப் போட்டான். பொறி பறந்தது. முடித்துவிட்டு வெளியே வந்து, முகமூடியைக் கழற்றி, மேடத்தைப் பார்க்காமல் பெரியவரைப் பார்த்துச் சொன்னான்.

"வேற எதுவும் இல்ல சார். இது ஒண்ணுதான். இப்ப முழுசா போட்டுட்டேன்."

பெரியவர் எழுந்தார். "சரி, வண்டியை எடுங்க."

மறுபடியும் எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். கார் மூக்கு ரேக்கில் ஒட்டி நிற்கிறது. முன்னால் போக வழி இல்லை. இப்போதுதான் வெல்டு போட்ட வண்டியை இன்னொரு தடவை தூக்கி ஆட்ட யாருக்கும் தைரியம் இல்லை. நான் உள்ளே உட்கார்ந்து, சாவி மேல் கை வைத்துக்கொண்டு, வெல்டரைப் பார்த்தேன். எல்லாரும் அவனைத்தான் பார்த்தார்கள். பெரியவருக்கு எதற்காக நிற்கிறோம் என்று புரியவில்லை.

தூக்கும்போது கால் பட்டு உருண்டுபோன எலுமிச்சம்பழங்களை வெல்டர் ஒவ்வொன்றாகத் தேடி எடுத்தான். ஒன்று கம்ப்ரசருக்கு அடியில் கிடந்தது, படுத்து எடுத்தான். சட்டையில் துடைத்தான். காரைச் சுற்றி வந்தான். நாலு டயருக்கும் பின்னால், ஒவ்வொன்றாக, ஒட்டி வைத்தான். நிமிர்ந்து மேற்கே கதவைப் பார்த்தான்.

"இன்னிக்கி வண்டிக்கு இதான் முன்னால. எடுணா."

நான் ரிவர்ஸைப் போட்டேன். நாலு பழமும் நசுங்கிய சத்தம் எனக்கு நன்றாகக் கேட்டது. அந்தச் சத்தத்துக்கு யாரும் என்ன சத்தம் என்று கேட்கவில்லை.

வெளியே வந்து நிறுத்தினேன். பெரியவர் என் பக்கத்தில் ஏறினார். பின்கதவைத் திறந்துகொண்டு, மூட்டை வைக்கும் இடத்தில் வெல்டர் ஏறிக் கால் மடக்கி உட்கார்ந்தான்.

"நீ எதுக்குப்பா?"

"என் வெல்டு மேல நானே உக்கார்றேன் சார்."

கிரிவலப் பாதையில் சுற்றினோம். மலையை வலது பக்கம் வைத்துத்தான் ஓட்டினேன், அதில் மட்டும் நான் சமரசம் பண்ணுவதில்லை. நான்தான் பேசினேன். இதோ இந்த லிங்கம், அதோ அந்த லிங்கம், இங்கே இளநீர் நன்றாக இருக்கும் என்று வாயை மூடாமல் ஓட்டினேன். அடி அண்ணாமலையில் என் பழைய ஆட்டோ சிநேகிதன் ஒருவன் வழி மறித்து, வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "எவ்ளோடா கொடுக்குது?" என்றான். வாழ்க்கையில் முதல் தடவையாக நான் எண்ணைச் சொல்லவில்லை. "இன்னும் பாக்கல" என்றேன். அவன் என்னை, உடம்பு சரியில்லையா என்கிற மாதிரி பார்த்தான்.

குழி விழுந்த இடத்தில் எல்லாம் வெல்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டதைக் கண்ணாடியில் பார்த்தேன். ஒரு குழியையும் பெரியவர் தவிர்க்க விடவில்லை. "அதுல ஏத்துங்க" என்பார். ஏற்றுவேன். ஒரு சத்தமும் வரவில்லை.

திரும்பி வந்து ஷெட் வாசலில் நிறுத்தினேன். மேடம் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். வெல்டிங் பக்கத்து ஆட்கள் எல்லாரும் வேலை செய்கிற மாதிரி நடித்துக்கொண்டு வாசலையே பார்த்தார்கள். பெரியவர் இறங்கவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மெல்லப் பின்னால் திரும்பினார். மூட்டை இடத்தில் மடங்கிக் கிடந்தவனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சொன்னார் பாருங்கள் ஒரு வார்த்தை, நான் அப்படியே...

"அண்ணா."

இருங்கள். கூப்பிடுகிறான்.

"அண்ணா, இன்னும் எவ்ளோ நேரம் ஓட்டுவ? மேடை மேல மூணு பாடி நிக்குது, புடிக்க ஆளு இல்ல. அந்தப் புள்ளைங்கள வெல்டிங் பக்கம் அனுப்பு."

"ஒரு வரிதான்டா பாக்கி வெல்டரு."

"அத அப்பறம் சொல்லிக்கலாம். ஆளு பத்தலன்னு நான் கத்திகினு இருக்கேன், நீ கத சொல்லிகினு இருக்கற. நீயும் வா, வெளிய ஒரு வண்டி வழிய அடச்சிகினு நிக்குது, எடுத்து உடு."

எழுந்திருங்கள், எழுந்திருங்கள். போகும்போது கண்ணுக்குக் கண்ணாடி மாட்டிக்கொண்டு போங்கள். முதல் நாள் என்றுகூடப் பார்க்க மாட்டான், கத்துவான்.